இது நண்டு தானா? பொருளின் வகைச் சோதனையும் வகைமாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கும் சின்ன நிரல்மொழி இது. குறிச்சொற்கள் எல்லாம் தமிழ். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று தொடங்கினோம். இப்போது குளச்சலில் ஒரு நண்பரின் மீன் ஏலக் கணக்கும் இதில்தான் ஓடுகிறது. மொழிக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. அந்தச் சண்டைக்குள் இங்கே போக வேண்டாம்.

புதிய பதிப்பில் ஒரு பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று கேட்கவும், அதை அந்த வகுப்பாகவே எடுத்துக்கொண்டு வேலை செய்யவும் வழி செய்திருக்கிறோம். அதன் பிறகு போனிலும் டீக்கடையிலும் வந்த கேள்விகள் கீழே. எல்லா உதாரணங்களிலும் இந்த வகுப்புகள்தான் வரும் (வகுப்பு என்பது ஒரு வகைக்கான வார்ப்பு, அதன்படி உருவாவது பொருள். உள்ளே எழுதிய எடை, ஏலவிலை போன்றவை புலங்கள். ':'-க்குப் பின் வருவது தாய் வகுப்பு):

    வகுப்பு சரக்கு
        எடை
        ஏலவிலை
    முடி

    வகுப்பு மீன் : சரக்கு
    வகுப்பு சாளை : மீன்
    வகுப்பு நெத்தோலி : மீன்
    வகுப்பு நண்டு : சரக்கு
        உயிருடன்
    முடி

சரியாக எதைச் சேர்த்திருக்கிறீர்கள்?

நான்கு வடிவங்கள். 'பெட்டி' என்பது ஏதோ ஒரு பொருளைப் பிடித்திருக்கும் மாறி, அதாவது நாம் வைத்த பெயர்.

    பெட்டி நண்டு தானா
    பெட்டி மீன் மட்டுமா
    பெட்டி நண்டு ஆக
    பெட்டி நண்டு எனில் ந

முதலாவது ஆம் அல்லது இல்லை சொல்லும். பெட்டியில் இருப்பது நண்டாகவோ, நண்டிலிருந்து கிளைத்த வேறு வகுப்பாகவோ இருந்தால் ஆம். இரண்டாவது கறாரானது: சாளையைக் காட்டி 'மீன் மட்டுமா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் அது மீனின் கிளை. மூன்றாவது வகைமாற்றம். நான்காவது சோதனையும் வகைமாற்றமும் சேர்ந்தது. நீங்கள் தினமும் தொடப்போவது இந்த நான்காவதைத்தான். 'மட்டுமா' வேண்டிவரும் இடம் மிகக் குறைவு; பிழை தேடும்போது தவிர நான் எழுதியதில்லை.

இத்தனை நாள் இது இல்லாமலே ஓடியதே?

ஓடியது, நொண்டிக்கொண்டு. ஏலக் கணக்கில் ஒரே பட்டியலில் சாளையும் வரும், நெத்தோலியும் வரும், நண்டும் வரும். உயிருள்ள நண்டுக்குக் கணக்கு வேறு. வகுப்பைக் கேட்க வழி இல்லாததால், நண்பர் ஒவ்வொரு பொருளிலும் 'இனம்' என்று ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) வைத்து, அதில் "நண்டு" என்று எழுதி, பிறகு அதை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கணக்கு உதைத்தது. பெட்டி எண்ணிக்கை சரி, எடை சரி, நண்டுக் கமிஷன் மட்டும் குறைவு. இரண்டு இரவு தேடினோம். உதவிக்கு வந்த பையன் சில பெட்டிகளில் "ஞண்டு" என்று அடித்திருக்கிறான். நம் ஊர்ப் பேச்சில் அது ஞண்டுதானே, அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சரங்கள் சமமா என்று கேட்டால் மொழி இல்லை என்றது. நண்டு இல்லை என்றால் மீன் கணக்கில் போ என்று நிரல் அனுப்பிவிட்டது. எங்கும் ஒரு எச்சரிக்கை இல்லை.

வகுப்புப் பெயரைத் தப்பாக எழுதினால் நிரல் கிளம்பும் முன்பே 'ஞண்டு என்று ஒரு வகுப்பு இல்லை' என்று நின்றிருக்கும். இந்த வசதிகள் வந்ததற்கு அந்த இரண்டு இரவுதான் காரணம்.

வகைமாற்றம் செய்தால் பொருள் மாறுமா?

மாறாது. 'மாற்றம்' என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. வேறு நல்ல சொல் கிடைக்காததால் வைத்திருக்கிறோம். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு 'சரக்கு' என்று சொல்கிறது, உள்ளே நண்டு. 'பெட்டி நண்டு ஆக' என்று எழுதும்போது உள்ளே இருப்பதில் ஒரு பைட்கூட மாறுவதில்லை, நகல் எடுப்பதும் இல்லை. 'உள்ளே நண்டுதான், எனக்குத் தெரியும், உயிருடன் என்ற புலத்தைத் தொட விடு' என்று நீங்கள் ஒரு வாக்கு கொடுக்கிறீர்கள். மொழி திறந்து பார்க்கிறது. நண்டு என்றால் விடும், இல்லையென்றால் நிறுத்திவிடும்.

எண்களில் நடப்பது வேறு. 12.75-ஐ முழு எண் ஆக்கினால் 12 என்ற புது மதிப்பு பிறக்கிறது, .75 போயே போய்விட்டது. அதற்கு எங்கள் மொழியில் 'முழுஎண்(க)' என்று தனிச் செயற்கூறு (ஃபங்ஷன்) உண்டு. 'ஆக' அங்கே வேலை செய்யாது. வேண்டுமென்றேதான் பிரித்து வைத்தோம். சி மொழி இரண்டுக்கும் ஒரே அடைப்புக்குறியை வைத்ததால் பல தலைமுறைக்குக் குழப்பம்.

எண்மாற்றம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் சுமார் 40 விநாடியில் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் திணிக்கப் பார்த்தார்கள்; 32,767-க்கு மேல் அதில் கொள்ளாது. அந்த இடத்தில் காவல் இல்லை. ராக்கெட் இன்ஜின் சோதிக்கும் மகேந்திரகிரி, ஆரல்வாய்மொழி தாண்டினால் வந்துவிடும் என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த உதாரணம் உடனே பிடித்துக்கொள்ளும்.

மேல்நோக்கி மாற்றும்போதும் 'ஆக' போட வேண்டுமா?

வேண்டாம். சாளை எப்போதும் மீன், மீன் எப்போதும் சரக்கு. சாளையைச் சரக்குப் பட்டியலில் போடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கீழ்நோக்கி வரும்போதுதான் சந்தேகம். சரக்கு என்று தெரிந்தது சாளையா நண்டா என்பது ஓடும்போதுதான் தெரியும். மேலே ஏறுவதற்கும் 'ஆக' எழுதினால் பிழை இல்லை, வீண் வேலை.

பக்கவாட்டில் தாவ முடியாது. மாறிக்குச் 'சாளை' என்று வகை எழுதிவிட்டு, பிறகு அதையே 'நண்டு ஆக' என்றால் நிரலை ஓட்டும் முன்பே, அதைப் படித்துச் சரிபார்க்கும் கம்பைலர் மறுத்துவிடும். சாளையும் நண்டும் வேறு வேறு கிளை, அது எந்தக் காலத்திலும் நடக்காது.

ஏன் 'தானா'? தமிழில் 'நண்டா?' என்று ஓர் 'ஆ' போட்டாலே கேள்வி வந்துவிடுமே?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. எங்களுக்கும் அதுதான் ஆசை. 'பெட்டி நண்டா' என்று எழுதினால் எவ்வளவு அழகு! ஒரு மாதம் முயன்று பார்த்தோம்.

புணர்ச்சிதான் வழிமறித்தது. மீன் + ஆ = மீனா. சாளை + ஆ = சாளையா. நண்டு + ஆ = நண்டா. கம்பைலர் இதைப் படிக்கும்போது தலைகீழாகப் பிரிக்க வேண்டும். சாளையாவில் ஒரு யகரத்தைக் கழற்ற வேண்டும். நண்டாவில் ஒன்றும் கழற்றாமல் ஓர் உகரத்தைத் திருப்பி ஒட்ட வேண்டும், ஏனென்றால் அது குற்றியலுகரம். பசு என்று வகுப்பு வைத்தால் 'பசுவா' என்று வரும், அங்கே உகரம் அப்படியே நிற்கும், வகரத்தைத்தான் கழற்ற வேண்டும். எட்டாம் வகுப்புத் தமிழ் ஆசிரியரைக் கம்பைலருக்குள் உட்கார வைக்க வேண்டிய நிலை. அதையும்கூடச் செய்திருப்போம். ஒரு மாணவி தன் தங்கை பெயரில் 'மீனா' என்று மாறி வைத்திருந்தாள். 'பெட்டி மீனா' என்றால் கேள்வியா, தங்கையா? அத்தோடு கைவிட்டோம்.

'ஆனால்' என்பதையும் யோசித்தோம்: 'பெட்டி நண்டு ஆனால்'. படிக்கிறவருக்கு அது 'பெட்டி நண்டு, இருந்தாலும்...' என்று இழுப்பது போல ஒலித்தது. 'எனில்' நின்றுவிட்டது. 'தானா' தனிச் சொல்லாக நிற்பதால் பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. வகுப்புப் பெயர் முன்னால், வினை பின்னால் என்று தமிழ் வரிசையும் கெடவில்லை.

வகைமாற்றம் தோற்றால் என்ன ஆகும்?

நிரல் அந்த வரியிலேயே நிற்கும். இப்படிச் சொல்லும்:

    நின்றது: ஏலம், வரி 41
    'பெட்டி'யில் இருப்பது சாளை. அதை நண்டு ஆக்க முடியாது.
    சாளையின் வழி: சாளை → மீன் → சரக்கு

மூன்றாவது வரிக்காக ஒரு மாலை முழுவதும் செலவழித்தோம். 'முடியாது' என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள். வழியைக் காட்டினால், 'அட, இதில் நண்டே இல்லையே' என்று அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நிற்பதற்குப் பதில் 'இன்மை' (எந்தப் பொருளும் இல்லை என்கிற மதிப்பு) திருப்பித் தரலாமே? சி ஷார்ப்பில் அப்படி உண்டே?

உண்டு. சி ஷார்ப்பில் அடைப்புக்குறி வகைமாற்றம் தோற்றால் விதிவிலக்கு எறியும், அதாவது யாரும் பிடிக்காவிட்டால் நிரலை நிறுத்துகிற பிழை. 'அஸ்' என்பது சத்தமில்லாமல் 'நல்' (அவர்கள் இன்மை) தரும். சி++-இல் 'டைனமிக் காஸ்ட்' சுட்டியின் (பொருளின் நினைவக முகவரியை வைத்திருப்பது) மேல் தோற்றால் வெற்றுச் சுட்டி, அதுவும் இன்மைதான்; ரெஃபரன்ஸின் மேல் தோற்றால் விதிவிலக்கு. ஜாவாவின் வகைமாற்றம் எப்போதும் எறியும். கோ மொழியில் நீங்கள் விடையை ஒரு மாறியில் வாங்கினால் நிரல் அலறி நிற்கும். இரண்டு மாறியில் வாங்கினால் இரண்டாவதில் ஆம், இல்லை வந்துவிடும்.

இன்மை தருவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. தவறு நடந்த இடம் வரி 41. இன்மை அங்கிருந்து கிளம்பி, இரண்டு செயற்கூறு கடந்து, ஒரு பட்டியலுக்குள் புகுந்து, மறுநாள் காலை வரி 300-இல் வெடிக்கும். குளச்சலில் ஏறிய திருடனைக் களியக்காவிளையில் தேடுகிற கதை. வெற்றுச் சுட்டியை 1965-இல் கொண்டுவந்த கணினி அறிஞர் டோனி ஹோரே, பின்னாளில் அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று தானே சொன்னார். தெரிந்துகொண்டே அதே குழியில் நாமும் ஏன் விழ வேண்டும்?

உறுதியாகத் தெரிந்தால் 'ஆக'. சந்தேகம் இருந்தால் 'எனில்'. நடுவில் மூன்றாவது வேண்டாம் என்பது எங்கள் முடிவு. எங்களில் ஒருவருக்கு இன்னும் இதில் உடன்பாடு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

'எனில்' எப்படி வேலை செய்கிறது?

    வரவு ஒவ்வொன்றும் பெட்டி
        பெட்டி நண்டு எனில் ந
            எழுது ந.உயிருடன்
        முடி
    முடி

பெட்டியில் இருப்பது நண்டா என்று பார்க்கிறது. ஆம் என்றால் அதே பொருளுக்கு 'ந' என்ற புதுப் பெயர், நண்டு என்ற வகையோடு. அந்தப் பெயர் 'முடி' வரைதான் உயிரோடு இருக்கும்.

முதல் வரைவில் இது இல்லை. முதலில் 'தானா' என்று கேட்டு, உள்ளே போய் 'ஆக' என்று மாற்ற வேண்டியிருந்தது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பது. அதைவிட மோசம், மேல் வரியில் நண்டு என்று சோதித்துவிட்டு, உள்ளே அவசரத்தில் 'சாளை ஆக' என்று எழுதிவிடுவார்கள். ஜாவாக்காரர்கள் 25 வருடம் இப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். சோதனையோடு சேர்ந்தே பெயர் வைக்கிற வசதி அங்கே நிரந்தரமாக வந்தது 2021-இல், ஜாவா 16-இல். சி ஷார்ப்புக்கு 2017-இலேயே வந்துவிட்டது.

கோட்லின் இன்னும் ஒரு படி போய், புதுப் பெயரே வேண்டாம், சோதித்த பிறகு பழைய பெயரே புது வகை ஆகிவிடும் என்கிறது. கேட்க இனிமைதான். ஆனால் சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் நடுவில் வேறு யாராவது அந்த இடத்தில் வேறு பொருளை வைத்துவிட்டால்? அதனால் மாறக்கூடிய புலங்களுக்குக் கோட்லின் அந்தச் சலுகையைத் தருவதில்லை. எப்போது தரும், எப்போது தராது என்பதைக் கற்பவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். எங்கள் 'ந' அந்த நொடியில் பார்த்த பொருளையே பிடித்துக்கொள்கிறது. பெட்டியில் பிறகு எதைப் போட்டாலும் 'ந' மாறாது. விதி ஒன்றே ஒன்றுதான், பிள்ளைகளுக்கு அது போதும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒவ்வொரு பொருளும் நினைவகத்தில் தன் தலைமாட்டில் ஒரு சுட்டி வைத்திருக்கிறது: 'நான் இந்த வகுப்பு'. ஒவ்வொரு வகுப்பும் தன் தாய் வகுப்பை ஒரு சுட்டியில் வைத்திருக்கிறது. சோதனையின் முதல் வடிவம் இவ்வளவுதான்:

    செயல் சேர்ந்ததா(வ, இலக்கு)
        வ இன்மை இல்லாதவரை
            வ == இலக்கு என்றால் திருப்பு ஆம்
            வ = வ.தாய்
        முடி
        திருப்பு இல்லை
    முடி

சாளைப் பெட்டியைக் காட்டி 'சரக்கு தானா' என்று கேட்டால்: சாளையா சரக்கு? இல்லை. தாய் மீன், மீனா சரக்கு? இல்லை. தாய் சரக்கு. ஆம். மூன்று படி. ஒப்பிடுவது பெயர்களை அல்ல, முகவரிகளை. அதனால் எழுத்துப்பிழை இங்கே நுழைய முடியாது.

கல்யாணம் பேசும்போது 'இன்னார் குடும்பமா' என்று கேட்டு அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஏறிப்போவது போல இது. தலைமுறை கூடினால் படியும் கூடும். 'இல்லை' என்ற விடைக்கு உச்சி வரை போய்த்தான் தீர வேண்டும். இதைச் சரிசெய்ய 1991-இல் நார்மன் கோஹன் என்ற கணினி ஆய்வாளர் ஒரு வழி எழுதினார். ஒவ்வொருவர் கையிலும் பரம்பரைச் சீட்டு ஒன்றைக் கொடுத்துவிடுவது. வகுப்பு உருவாகும்போதே, உச்சியிலிருந்து தன் வரைக்குமான முன்னோர் வரிசையை ஒரு அட்டவணையாக அது எழுதிக்கொள்கிறது:

    சரக்கு   :  0 சரக்கு
    மீன்     :  0 சரக்கு,  1 மீன்
    சாளை    :  0 சரக்கு,  1 மீன்,  2 சாளை
    நண்டு    :  0 சரக்கு,  1 நண்டு

இப்போது 'பெட்டி மீன் தானா' என்று கேட்டால் ஏற வேண்டியதில்லை. மீனின் ஆழம் 1. பெட்டிக்குள் இருப்பதன் அட்டவணையில் 1-ஆம் இடத்தில் யார்? சாளை என்றால் அங்கே மீன் இருக்கும், ஆம். நண்டு என்றால் அங்கே நண்டு இருக்கும், இல்லை. ஒரே ஒப்பீடு. மரம் எத்தனை உயரமானாலும் இதே விலைதான். ஏன் சரியாக வருகிறது என்று காகிதத்தில் ஒரு முறை வரைந்து பாருங்கள்: மீன் யாருக்கு முன்னோராக இருந்தாலும், அது நிற்கிற தலைமுறை எண் மாறவே மாறாது.

ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட் பொறியும் இதே அட்டவணையை வைத்திருக்கிறது, வழக்கமாக 8 இடங்களோடு. எல்லா வகுப்புக்கும் அட்டவணை நீளம் ஒன்றே என்பதால் நீளத்தைச் சோதிக்கவும் வேண்டாம். ஆள் இல்லாத இடம் காலியாக இருக்கும், ஒப்பீடு தோற்கும். நாங்களும் 8 என்றே வைத்தோம். அதைத் தாண்டினால் பழையபடி தாய் தாயாக ஏறும். குளச்சல் கணக்கில் இதுவரை ஆழம் 4-ஐத் தாண்டியதில்லை.

மரம் முழுவதற்கும் வரிசை எண் கொடுத்து, 'இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கிறதா' என்று கேட்கிற முறை ஒன்றும் உண்டு. அதில் ஓடிக்கொண்டிருக்கும்போது புது வகுப்பு வந்து சேர்ந்தால் எண்களைத் திரும்பப் போட வேண்டும். எங்களுக்கு ஒத்துவரவில்லை.

அப்படியானால் நிரல் மெதுவாகுமா?

ஆகாது. சுட்டியைத் தொடர்ந்து போய் ஓர் ஒப்பீடு. உங்கள் நிரல் மெதுவாக இருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் கோப்பைத் திறந்து திறந்து மூடுவது.

கணவாய் மீனா?

உயிரியல்படி இல்லை. அது சிப்பி, நத்தை இனத்தோடு சேரும் மெல்லுடலி. சந்தையில் கேட்டால் வேறு பதில். கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டியிடம் இதைச் சொன்னதற்கு, "மக்களே, மீன் சட்டியில வேகுதுல்லா, பெறவு என்ன?" என்று முடித்துவிட்டார்.

இது வேடிக்கைக் கேள்வி போல வந்தாலும் உண்மையில் மொழி வடிவமைப்புக் கேள்வி. கணவாயை மீனுக்குக் கீழே வைத்தால், மீனுக்கு உள்ள செதில், முள் எல்லாம் அதற்கும் வந்துவிடும். வெளியே வைத்தால், மீன் என்று கேட்டு ஐஸ் போடுகிற இடத்திலெல்லாம் கணவாய் விடுபட்டுப்போகும். வகுப்பு மரத்தில் ஒரு பொருளுக்கு ஒரு தாய்தான். ஆனால் 'ஐஸ் வேண்டும்', 'எண்ணி விற்பது', 'எடை போட்டு விற்பது' போன்றவை மரத்துக்குக் குறுக்கே ஓடுகிறவை. அவற்றுக்குப் 'பண்பு' என்று தனியாக உண்டு:

    பண்பு ஐஸ்வேண்டும்
    வகுப்பு கணவாய் : சரக்கு, ஐஸ்வேண்டும்

'பெட்டி ஐஸ்வேண்டும் தானா' என்றும் கேட்கலாம். ஆனால் ஒரு வகுப்புக்கு எத்தனை பண்பும் இருக்கலாம், அவற்றுக்கு நிலையான தலைமுறை எண் கிடையாது. பரம்பரைச் சீட்டு இங்கே உதவாது. வகுப்போடு ஒரு பண்புப் பட்டியல் வைத்து அதில் தேடுகிறோம், கடைசியாகக் கண்டுபிடித்ததை நினைவில் வைத்துக்கொள்கிறோம். ஹாட்ஸ்பாட்டும் இன்டர்ஃபேஸ்களுக்கு (எங்கள் 'பண்பு' போன்றவை) இதே போலத் தனிப் பட்டியல் வைத்துத்தான் சமாளிக்கிறது.

மீன் பட்டியல் ஒன்றைச் சரக்குப் பட்டியல் கேட்கிற இடத்தில் கொடுக்க முடியவில்லையே?

முடியாது, முடியவும் கூடாது. மீன் சரக்குதான், ஆனால் மீன் பட்டியல் சரக்குப் பட்டியல் அல்ல. வாங்கிக்கொண்டவர் 'இது சரக்குப் பட்டியல்தானே' என்று அதில் ஒரு நண்டைப் போட்டுவிடலாம். நீங்கள் திரும்பி வந்து பார்த்தால் மீன் பட்டியலில் நண்டு நடக்கும்.

ஜாவா தன் அரேக்களில் (நீளம் மாறாத பட்டியல்களில்) இதை அனுமதித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு முறை எழுதும்போதும் சோதித்து விதிவிலக்கு எறிகிறது. நாங்கள் முதலிலேயே மறுக்கிறோம். படிக்க மட்டும் கொடுப்பதென்றால் 'பார்வைப் பட்டியல்' என்று கேட்டு வாங்குங்கள், அதில் சிக்கல் இல்லை.

2004-இல் ஜாவா 5-இல் வந்த ஜெனரிக்ஸில் (பட்டியலோடு அதன் உறுப்பு வகையையும் எழுதுகிற வசதி), ஓடும்போது பட்டியலுக்குத் தன் உறுப்பு வகை மறந்துபோகும். 'இது சரங்களின் பட்டியலா' என்று கேட்கவே முடியாது. எங்கள் பட்டியல்கள் மறப்பதில்லை. ஒரு பட்டியலுக்கு 8 பைட் கூடுதல் செலவு. இருக்கட்டும்.

இன்மையைச் சோதித்தால்?

'இன்மை நண்டு தானா' என்றால் இல்லை. 'இன்மை நண்டு ஆக' என்றால் நிரல் நிற்கும். ஜாவாவிலிருந்து வருபவர்களுக்கு இது இடிக்கும்: அங்கே சோதனை இல்லை என்று சொல்லும், வகைமாற்றம் மட்டும் பேசாமல் விட்டுவிடும். ஒரே பொருள், இரண்டு பதில். அது எனக்குப் பிடிக்கவில்லை.

எனில், எனில் என்று பத்து அடுக்கி எழுதியிருக்கிறேன். சரிதானே?

ஓடும். ஆனால் நாளை இறாலுக்கு ஒரு வகுப்பு வந்தால், அந்த அடுக்கு இருக்கிற இடமெல்லாம் தேடிப் போய்த் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் மொழி உங்களைத் தடுக்காது. கமிஷன் கணக்கு வகைக்கு வகை மாறும் என்றால், ஒவ்வொரு வகுப்புக்கும் 'கமிஷன்' என்று ஒரு செயற்கூறு எழுதி, 'பெட்டி.கமிஷன்()' என்று கூப்பிடுங்கள். எது ஓட வேண்டும் என்று பொருளே பார்த்துக்கொள்ளும். ஏலக் கணக்கில் முதலில் 11 'எனில்' இருந்தன. உட்கார்ந்து பார்த்ததில் 2 மட்டும் மிஞ்சின.

மிஞ்சிய இரண்டும் நியாயமானவை. ஒன்று, வேறொருவர் எழுதிக் கொடுத்த வகுப்புகள். அவற்றுக்குள் போய் நாம் செயற்கூறு சேர்க்க முடியாது. இன்னொன்று, கோப்பிலிருந்து திரும்பப் படிக்கும் இடம். என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாது.

பைதான் போல, கூப்பிட்டுப் பார், இல்லாவிட்டால் பிழை என்று விட்டுவிடலாமே?

சின்ன நிரலுக்கு விடலாம். எங்கள் மொழியிலும் வகை எழுதாத மாறிகள் உண்டு, அவை அப்படித்தான் நடக்கும். பைதானிலும் வகைச் சோதனை இருக்கவே இருக்கிறது. அதற்கும் ஒரு கோணல் உண்டு, 'ட்ரூ' முழு எண்ணா என்று கேட்டால் ஆம் என்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'நல்' என்ன வகை என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்கும். பழைய தவறு, இப்போது திருத்தினால் உலகத்து இணையப் பக்கங்கள் பாதி உடையும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் முதலில் யோசித்தவர் யார்?

நார்வேயில் ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற நிரல்மொழி. எங்கள் 'மட்டுமா', 'தானா', 'ஆக' மூன்றுக்கும் சமமானவை அப்போதே அதில் இருந்தன. 'எனில்' போன்ற ஒன்றும் இருந்தது. புதிதாக ஏதோ செய்துவிட்டோம் என்று நாங்கள் நினைத்த நாளில் இதைப் படித்தோம். கொஞ்சம் அடங்கினோம்.

'நண்டை நண்டு ஆக்க முடியாது' என்று பிழை வருகிறது. கிண்டலா?

கிண்டல் இல்லை. நண்டு வகுப்பு இருக்கிற கோப்பை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்திருக்கிறீர்கள், இரண்டையும் நிரல் ஏற்றியிருக்கிறது. பெயர் ஒன்று, முகவரி இரண்டு. மொழிக்கு அவை இரண்டு வேறு வகுப்புகள். ஜாவாவில் வகுப்புகளை ஏற்றுகிற கிளாஸ்லோடர் இரண்டு இருந்தாலும் இதே அபத்தமான செய்தி வரும். இப்போது செய்தியில் கோப்பின் முழுப் பாதையையும் சேர்த்திருக்கிறோம். ஒரு நகலை அழித்துவிடுங்கள்.

நெத்தோலி வகுப்பு கண்ணெதிரே இருக்கிறது. 'நெத்தோலி என்று ஒரு வகுப்பு இல்லை' என்கிறதே?

இது எங்கள் தவறு, திருத்திவிட்டோம். 'தோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது முன்னால் வரும் இரட்டைக்கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், நினைவகத்தில் வேறு. ஒரு விசைப்பலகை ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் அடித்திருக்கிறது. இப்போது கோப்பைப் படித்தவுடனே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். ஒகர, ஓகார, ஔகாரம் வருகிற எல்லாப் பெயருக்கும் இது பொருந்தும்.

பழைய நிரல்கள் உடையுமா?

ஒரு சொல்லால் உடைந்தது: 'ஆக'. அதை முழுக் குறிச்சொல் ஆக்கி வெளியிட்ட அன்றே மூன்று பேர் கூப்பிட்டார்கள். பில்லின் அடியில் 'ஆக மொத்தம்' என்று எழுதிப் பழகியவர்கள், கூட்டுத்தொகை மாறிக்கு 'ஆக' என்றே பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் ஏலக் கணக்கிலேயே இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

இப்போது 'ஆக' தனக்கு முன்னால் ஒரு மதிப்பும் அதையடுத்து ஒரு வகுப்புப் பெயரும் இருந்தால் மட்டுமே வகைமாற்றம். 'ஆக = ஆக + விலை' பழையபடி ஓடும். 'ஆக நண்டு ஆக' என்று யாராவது எழுதினால்கூடச் சரியாகப் படித்துக்கொள்ளும், சோதித்தாயிற்று. 'எனில்', 'தானா', 'மட்டுமா' மூன்றையும் மாறிப் பெயராக வைத்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.